பாதாம் பருப்பளவு சிக்னல்காரன்

ஊரில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களிலேயே உயரமானதன் தலைமேல், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டியவள் உச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். இரும்புக் கம்பிக் கட்டை அவள் இறக்குவதைப் பார்த்தால், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிறாள் என்று தோன்றும். காக்கைகள் அவளிடம் வழி கேட்டுவிட்டுத்தான் பறக்கும் என்பார்கள். நான் பார்த்தது ஒரு காக்கையைத்தான். அது கேட்டது என்னவோ உண்மை.

அப்படிப்பட்டவள் ஒரு மழைநாளில், கணவரின் முடிதிருத்தும் கடை முனையில் ஸ்கூட்டரோடு வழுக்கி விழுந்தாள். தலையில் அடி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக்கசிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஆரம்பித்தது தாகம்.

தாகம் என்றால் உங்கள் தாகம், என் தாகம் இல்லை. குடத்தைச் சரித்து வைத்துக் குடித்தாள். அவள் குடிக்கும்போது மாடிவீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரிக்காரர் அந்தத் தெருவைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கவே பயந்தார். குடித்ததெல்லாம் குடித்த வேகத்திலேயே, நிறமில்லாமல் பச்சைத் தண்ணீராக வெளியே போயிற்று. சர்க்கரை நோய்தான் என்று தெருவே தீர்ப்பு சொன்னது. சோதித்தார்கள், சர்க்கரை ஒழுங்காக இருந்தது.

கிரேன் ஏணியோ நெடியது. அவள் கழிவறைக்கு இறங்கி ஏறும்வரை கொக்கி அந்தரத்தில் தொங்கும், கீழே அத்தனை பேரும் கைகட்டி நிற்பார்கள். கீழிருந்து கையசைத்தும் வாக்கிடாக்கியில் பேசியும் அவளுக்கு வழிகாட்டும் சிக்னல்காரருக்கு விசில் என்று பட்டப்பெயர்.

"என்னக்கா, மறுபடியுமா? இந்தக் கட்டடத்து லிஃப்ட்கூட இவ்வளவு ஏறி இறங்காது."

"சிரிச்சே, கொன்னுடுவேன். வழிய விடு!"

இன்ஜினியருக்குச் சிரிப்பு வரவில்லை. "வேற ஆபரேட்டருக்குச் சொல்லியிருக்கேம்மா. அவர் வந்ததும் நீங்க ஸ்டோர் ரூமைப் பாத்துக்கங்க" என்றார். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே, ஜன்னலில்லாத அறையில் உச்சி! 

விசிலுக்கு ஒரு யோசனை. கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறினால் அவர்கள் முதலில் செய்வது, உள்ளே வரும் வால்வை மூடுவது. "வர்றத அடைச்சா போறது தானா நிக்கும்கா" என்றார். கணவருக்கும் அது பிரமாதமாகப் பட்டது. வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் கடைக்குத் தூக்கிப்போய்ப் பூட்டினார். உச்சியும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டு குடிக்காமல் மேலே ஏறினாள்.

போவது நிற்கவில்லை. வெயில் ஏற ஏற நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. ஒரு கட்டத்தில் பிரேக்கைப் பூட்டிவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தாள். "விசிலு, கொக்கி எனக்கு ரெண்டா தெரியுது. கீழ ஒருத்தரும் நிக்கக்கூடாது."

கைத்தாங்கலாக இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

"தண்ணிய நிறுத்தச் சொன்ன புண்ணியவான் யாரு?" என்றார் டாக்டரம்மா. கணவர் விசிலைக் காட்டினார், விசில் கணவரைக் காட்டினார்.

"பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு, மணிக்கு மணி பாத்துப் பாத்து நாங்க செய்யற சோதனை இது. நீங்க கிரேன் மேல உக்காரவெச்சு செஞ்சிருக்கீங்க! ரத்தம் கெட்டியாகிக் கிடக்கு, அப்பவும் சிறுநீர் தண்ணி மாதிரி போகுது." ஒரு தாளில் மூளையை வரைந்தார். "அடியில, நட்டநடுவுல, பாதாம் பருப்பளவு இருக்கே, இதான் ஹைப்போதாலமஸ். உடம்புச் சூடு, பசி, தூக்கம், தாகம் எல்லாம் இதோட பொறுப்பு. ரத்தம் கெட்டியாகறது தெரிஞ்சா ஒரு ஹார்மோனைத் தயார் பண்ணி, இந்தக் காம்பு வழியா கீழ தொங்கற பிட்யூட்டரிக்கு அனுப்பும். அங்கேருந்து அது ரத்தத்துல கலந்து சிறுநீரகத்துக்குப் போய், தண்ணிய விடாத, பிடின்னு சொல்லும். நீங்க விழுந்ததுல இங்க எங்கயோ அடிபட்டிருக்கணும். சொல்ல ஆளில்லாம சிறுநீரகம் திறந்துவிட்டுட்டு நிக்குது."

"என் சிக்னல்காரன் லீவு போட்டுட்டான்" என்றாள் உச்சி, வறண்ட வாயோடு.

"ஒருத்தன்தாம்மா லீவு. தாகம்னு இன்னொருத்தன் டியூட்டில நின்னு கத்திக்கிட்டே இருந்தான். அவன் வாயத்தான் மூணு பேரும் சேந்து பொத்திட்டீங்க."

அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். கணவர் கழிவறை வாசலிலேயே காவல் உட்கார்ந்தார். உச்சி வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்தபோது, நர்ஸ் சோதனைக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மஞ்சள்!" என்று கத்திக்கொண்டு வராந்தாவில் ஓடினார் கணவர். "மஞ்சளா போயிருக்கா!" வார்டே எழுந்து உட்கார்ந்தது. அவர் ஓட்டத்தைப் பார்த்துக் குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் கைகொடுத்தார்கள். அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

எம்.ஆர்.ஐ. படத்திலும் காம்பருகே அடிபட்ட தடம் தெரிந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பும்போது டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னார்: "இனிமே தாகத்துக்கு மட்டும் குடிங்க. மாத்திரையும் போட்டுட்டு சும்மா சும்மா குடிச்சா தண்ணி உள்ளயே தங்கிடும், ரத்தத்துல உப்பு இறங்கிடும். அதுவும் ஆபத்து."

மருந்தின் அளவு நிலைப்பட்டு, வேலைக்குப் போகலாம் என்று அவரே சொன்ன பிறகு, உச்சி இன்ஜினியர் முன்னால் போய் நின்றாள்.

"மத்தியானம் வரைக்கும் இறங்காம ஓட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றார் அவர்.

ஏறினாள். அன்றைக்கென்று காற்று வீசியது. கூரைக்கான நீண்ட எஃகு உத்தரம், கட்டிய கயிற்றை முறுக்கிக்கொண்டு ஆடியது. உச்சி அவசரப்படவில்லை, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, விசிலின் கை காட்டிய இடத்தில் இறக்கினாள். உத்தரத்தின் துளையும் தூணின் துளையும் நேருக்கு நேர் வந்து நின்றன. போல்ட்டைச் செருகியவர் சுத்தியலைத் தொடவே இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஏணியில் யாரையும் காணோம்.

"அக்கா, மணி அடிச்சாச்சு, இறங்கு! பசி உயிர் போகுது!" என்றார் விசில்.

"அடுத்த உத்தரம் உங்க அப்பாவா வந்து தூக்குவாரு? கட்டிவிடுய்யா!"

விசில் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் போனை எடுத்து, புது ஆபரேட்டரை வேறு கட்டடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, தானே போய் உத்தரத்தின் மறுமுனையில் கயிற்றை மாட்டினார்.