கூடத்துக் கண்ணாடிகள்

கண்ணாடி ஒரு குழந்தையின் பேச்சைத் தடுத்து வைக்குமா? இரண்டு மூன்று வருஷமாக இதை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பகலில் கேட்டால் சிரிப்பு வருகிறது. விளக்கு வைத்த பிறகு கேட்டால் வருவதில்லை.

இப்போது அதை வெளியில் கேட்கத் துணிந்ததற்குக் காரணம் சுண்ணாம்பு. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தோம். எங்கள் அரியலூரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. கொல்லையைத் தோண்டினாலே வெள்ளைக் கல்தான் வரும். அதைச் சுட்டுத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உலைபோலக் கொதிக்கும். வெள்ளையடிக்க வந்தவர் கூடத்துக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சாமான் அறையில் சாய்த்து வைத்தார். நீலம் கலந்த வெள்ளையில் நனைந்து கூடம் ஒன்றுமே இல்லாமல் நின்றது. என் மகன் ராசுவுக்கு வருகிற சித்திரையில் நாலு வயது முடிகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அந்த வெறும் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சுண்ணாம்புக் கையைக் கண்ணில் வைத்துக்கொள்ளப் போகிறானே என்று தூக்கினேன். எப்போதும் திமிறுகிறவன் அன்று திமிறவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெந்த சுண்ணாம்பின் வாசனை என்னை எப்போதும் நேராகப் பெரம்பலூரில் என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த வீட்டுச் சுவரில் ஒரு சாமி படத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. கண்ணாடி ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலம், ஒரு மூலை உடைந்தது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அம்மா அதை நெல் குதிருக்கு மேலே குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பேச்சு வருகிற வரைக்கும் குழந்தை தன் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் வாய் கட்டிப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். எனக்குக் கீழே தம்பி தங்கைகள் வரிசையாகப் பிறந்தார்கள். அதனால் என் பள்ளிக்கூட நாட்களில் பாதியை நான் கண்ணாடி பார்க்காமலே கழித்தேன். விரலால் தடவித் தடவி வகிடு எடுப்பேன். அது ஏரிக்கரை போல வளைந்து போகும். ஒரு நாள் டீச்சர் என் தலையைப் பார்த்துவிட்டு, "என்னடி, உங்க வூட்ல மறுபடியும் கொழந்தையா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "ஆமாங்க டீச்சர், தம்பி" என்றேன்.

பிறகு திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தேன். படிப்போடு துணியில் கம்பளி நூலால் பூவும் கிளியும் பின்னச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பின்னிய கிளியைச் சட்டம் போட்டுக் கல்யாணத்தின்போது அரியலூருக்குக் கொண்டுவந்தேன். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கத்திரிக்காய் என்றார்கள். ஆகவே அடுத்தவர்களுடைய அலங்காரத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது சந்தேகம்தான்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். யுத்தம் முடிகிற சமயத்தில் எங்கள் ஊரில் வசதியுள்ளவர்களுக்கு வீட்டை ஜோடிக்கிற காய்ச்சல் வந்தது. ஒரு வீட்டில் வாசலில் நுழைந்ததும் கண்ணாடி முழி வைத்த மான் தலை நம்மைப் பார்க்கும். இன்னொரு வீட்டில் மாடிக் கைப்பிடிச் சுவரில் சிமெண்டுக் கிளிகள். சமையலறை வாசலில் பாசிமணித் திரை போட்டவர்களும் உண்டு; கையில் குழம்புச் சட்டியோடு அதைத் தாண்டிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். விசேஷம் என்னவென்றால், இவை யாருக்கும் பிடிக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் வீட்டைப் பற்றி முகம் சுளித்துக்கொண்டே தங்கள் வீட்டுக்கும் வாங்கினார்கள்.

என் மாமனாருக்குக் கடலை மண்டி. உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், வைக்கோல் பரப்பிய இரண்டு வண்டிகளில் கண்ணாடிகளோடு வந்து இறங்கினார். ஓரமெல்லாம் ரசம் போனவை. கறுத்த மரச்சட்டம். அவற்றைக் கூடத்தின் நாலு பக்கமும் உயரத்தில் மாட்டி, தலை முன்னால் கவிழ்ந்திருக்கும்படி கயிற்றால் சாய்த்துக் கட்டினார்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மட்டும் தரையோடு நிறுத்தினார்கள். நான் கூடத்தில் எங்கே நின்றாலும் என்னைப் போல நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள்.

எதிர்வீட்டு அக்கா வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதோடு, "என்னடி இது, முடிவெட்டுற கடையாட்டம் இருக்கு? ஒன் மாமனாரு சவரம் பண்ணிவுடுறாராமா?" என்றாள். சிரிப்பை அடக்க நான் அடுப்படிக்கு ஓட வேண்டியிருந்தது. அடுத்த ஆடிக்குள் அவள் வீட்டுக் கூடத்திலும் கண்ணாடி சாய்ந்து நின்றது.

எங்கள் கூடத்தில் கண்ணாடிகள் வந்தபோது ராசுவுக்கு ஏழெட்டு மாதம். குழந்தையைப் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து அம்மா வந்தாள். கூடத்தைப் பார்த்தவள், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "மொதல்ல இதுங்களத் திருப்பிப் போடு. பச்சப்புள்ள இருக்கிற வூடு" என்றாள். நான் படித்தவள் அல்லவா? ஒளி எப்படிப் பட்டுத் திரும்புகிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பஸ் ஏறும்போது மறுபடியும் அதையே சொன்னாள்.

அவள் போன மறுநாள், மாமா மண்டிக்குப் போனதும், ஒரு ஆளை ஏணியோடு கூப்பிட்டு எல்லாவற்றையும் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், இருக்கட்டுமே என்றுதான். மத்தியானம் மாமா வந்து வாசல்படியிலேயே நின்றுவிட்டார். சாவு விழுந்த வீட்டில்தான் படங்களைத் திருப்பி வைப்பார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. "எழவு வூடாம்மா இது?" என்றார். சாயங்காலத்துக்குள் கண்ணாடிகள் பழையபடி எங்களைப் பார்த்தன. மாமா ராசுவைத் தூக்கி ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். "இந்தா, யாருடா இது? சொல்லு, யாரு இது?" குழந்தை கண்ணாடியை அறைந்து அறைந்து சிரித்தான். த்தா, த்தா என்று ஏதோ சொன்னான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு வீடு சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சத்தங்கள் எப்போது நின்றன என்று எனக்குத் தெரியவில்லை. மழை நின்றதை உடனே கவனிக்கிறோமா? வேறு வேலையாக இருக்கிறோம், பிறகு காது கொடுத்தால் சத்தம் இல்லை. அப்படித்தான் ஆயிற்று. ஒன்றரை வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அம்மா, பூனை என்றன. இவன் சும்மா இருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் இவன் தலைக்குப் பின்னால் கை தட்டினார். திரும்பிப் பார்த்தான். "காது கேக்குதும்மா. சில புள்ளைங்க மெதுவாத்தான் பேசும்" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து நான் வீட்டில் தட்டைப் போட்டுப் பார்க்கிறேன், கதவைச் சாத்திப் பார்க்கிறேன். சில தடவை திரும்புகிறான், சில தடவை திரும்புவதில்லை. ரயில் சத்தத்துக்கு மட்டும் எப்போதும் திரும்புகிறான். அம்மா சிறுவாச்சூருக்குப் போய், பேரனுக்குப் பேச்சு வந்தால் கோயிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரரிடம் கண்ணாடிப் பேச்சை எடுத்தேன். "படிச்சவ நீயே இப்படிப் பேசுனா எப்படி?" என்றார். ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆளுயரக் கண்ணாடியைத் தாண்டும்போது அவர் கை தானாக அவன் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கூடத்தில் எதையும் பார்க்காமல் இருக்க முடியாது.

நான் பார்த்த இன்னொன்றையும் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ராசு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். வாயைத் திறப்பான், உதட்டைக் குவிப்பான், தலையை ஆட்டுவான். யாரிடமோ நீளமாக ஏதோ சொல்கிற மாதிரி இருக்கும். சத்தம் இருக்காது. கண்ணாடிக்குள் இருக்கிற பிள்ளையும் வாயைத் திறக்கும், குவிக்கும், சத்தம் இருக்காது. முதலில் பார்த்தபோது அழகாக இருந்தது. பிறகு ஒரு நாள் பருப்பு கடைந்துகொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. பேச்சு என்றால் இதுதான், வாயை அசைத்தால் போதும் என்று அந்தப் பிள்ளையைப் பார்த்து இவன் கற்றுக்கொண்டுவிட்டானா? அம்மாவின் நம்பிக்கையை என் படிப்பால் தள்ளிவிட முடிந்தது. இதைத் தள்ள முடியவில்லை, ஏனென்றால் இதை யோசித்ததே என் படிப்புதான்.

அப்போதே கழற்றியிருக்கலாமே என்பீர்கள். போன ஆடியில் மண்டியில் மூட்டை சரிந்து மாமாவின் காலில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கூடத்துக் கட்டில்தான் அவருக்கு எல்லாம். படுத்தபடி ஒரு கண்ணாடியில் வாசலைப் பார்ப்பார், இன்னொன்றில் தெருமுனையை, மற்றொன்றில் கொல்லையை. மண்டிக்குப் போகிற வண்டிகளைப் பார்த்து யாருடைய கடலை என்று சொல்லிவிடுவார். அடுப்படியும் தப்பவில்லை. "ஏம்மா, உப்ப ரெண்டாந்தரம் போடுற" என்று கூடத்திலிருந்து குரல் வரும். எரிச்சலாகத்தான் இருக்கும். குழம்பை ருசி பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். நடக்க முடியாத மனிதருக்கு அந்தக் கண்ணாடிகள்தான் தெருவும் மண்டியும். அதை எப்படிப் பிடுங்குவது?

வெள்ளையடிப்பு எனக்கு ஒரு சாக்காயிற்று. பொங்கல் முடிந்து மாமா கேட்டார். "செவுரு இன்னும் ஈரமா இருக்குங்க மாமா" என்றேன். நாலு நாள் கழித்துக் கேட்டார். அதையே சொன்னேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "யாரு வந்தது?" என்பார். வண்டிச் சத்தம் கேட்டால் "யாரு வண்டி?" என்பார். நான் எட்டிப் பார்த்துச் சொல்வேன். பிறகு அவர் கேட்பதும் குறைந்துவிட்டது. இப்போது மாசி பிறந்துவிட்டது. நேற்று கஞ்சி கொடுக்கப் போனபோது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அரியலூர்க்காரங்கிட்டயே சுண்ணாம்பு காயலங்குறியேம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கஞ்சியை வாங்கிக் கீழே வைத்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மாட்ட வேணாம். நான் பாத்ததெல்லாம் போதும். அவன் ஒரு தடவ தாத்தான்னு கூப்புடட்டும்."

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். எழவு வீடா என்று கேட்ட அதே வாய் இப்படிச் சொன்னதும் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே என்னைப் பார்க்க இப்போது கண்ணாடியும் இல்லை.

அப்படியே விட்டுவிடலாம் என்றால் ராசு இருக்கிறான். கண்ணாடி போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆளுயரக் கண்ணாடி இருந்த இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். வாய் அசைவதும் நின்றுவிட்டது. முந்தாநாள் சாயங்காலம் சுவரில் நெற்றியை முட்டி, "ம்ம்" என்று நீளமாக ஒரு சத்தம் போட்டான். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமா கட்டிலில் தலையைத் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் மூச்சு விடாமல் காத்திருந்தோம். மறுபடி வரவில்லை. அது அம்மா என்பதன் முதல் பாதியா? தன்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரே பிள்ளையைக் காணோமே என்ற அழுகையா? பெற்றவள் எனக்கே தெரியவில்லை.

போன வாரம் பெரம்பலூர் போயிருந்தேன். தம்பி கல்யாணத்துக்கென்று அங்கேயும் கூடத்தில் பெரிய கண்ணாடி வந்துவிட்டது. நெல் குதிரும் இடிபட்டுப் போய்விட்டது. அந்த உள்ளங்கைக் கண்ணாடி எங்கே என்று கேட்டேன். எங்கேயாவது உடைந்திருக்கும் என்றாள் அம்மா. தம்பி முதன்முதலில் என்ன வார்த்தை சொன்னான் என்று கேட்டேன். "யாருக்குடி தெரியும்? வூடு முழுக்க ஒரே எரைச்சல். அதுல எது மொதல்ல, எது கடைசின்னு யாரு கேட்டா?" என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் வார்த்தை எது என்று கவனிக்கக்கூடத் தேவைப்படாத அந்த இரைச்சல். கோணல் வகிடோடு நான் அதற்கு நடுவில் உட்கார்ந்து, படிக்க விடமாட்டேன் என்கிறார்களே என்று அழுதிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் கண்ணாடி பார்த்து வளர்ந்த குழந்தை சரியாகப் பேசியதா? பேச்சு வராமல் இருந்து, நாலு வயதுக்குப் பிறகு வந்த பிள்ளை யாராவது உண்டா? கண்ணாடிகளை மறுபடி மாட்டி, என் பிள்ளைக்கு அவன் கூட்டாளியையும் மாமாவுக்கு அவர் தெருவையும் திருப்பிக் கொடுப்பதா? இல்லை, இந்த வெள்ளைச் சுவரை இரண்டு பேரும் பழகிக்கொள்ளட்டும் என்று காத்திருப்பதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வீட்டுக்காரர் இன்று காலை சாமான் அறையைத் திறந்து பார்த்துவிட்டு, எப்போது மாட்டுவது என்று கேட்டார். சுவர் ஈரமாக இருக்கிறது என்றேன். இன்னும் சில நாட்களுக்குத்தான் என்னால் அப்படிச் சொல்ல முடியும்.