ஓடுற சரக்கு, தூங்குற சரக்கு

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, குடும்பப் புகைப்படத்தில் பாதிக் காது மட்டும். இப்படி இடம் கிடைக்காமலே வளர்ந்தவருக்குத்தான், கிடங்கில் எந்தச் சரக்கு எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை வாய்த்தது. டிராலி தள்ளுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இடங்கொடுத்தான்’.

அவருடைய சித்தாந்தம் சின்னது. ‘ஓடுற சரக்கு’ வாசலோரம், இடுப்பு உயரத்தில். ‘தூங்குற சரக்கு’ கடைசிச் சந்தில், ஏணி போட்டு எட்டுகிற உயரத்தில். ரேக்குகளுக்கு நடுவே உள்ள வழியைத்தான் அங்கே சந்து என்பார்கள். ஒரு விடுமுறை நாளில் அவர் கிடங்கையே புரட்டிப் போட்டார். சோப்பு, பற்பசை, பேட்டரி என்று ஓடுகிற வர்க்கம் முழுவதையும் முதல் சந்தில் குடியேற்றினார். சதுரங்கப் பலகைகளை நாடு கடத்தினார்.

மறுநாள் காலை வரலாறு படைக்கப்பட்டது. ஆர்டர் எடுக்க வந்த டிராலிகள் அத்தனையும் முதல் சந்துக்குள் நுழைந்தன. நுழைந்தது எதுவும் வெளியே வரவில்லை. மற்ற சந்துகளில் ஈ, காக்கா இல்லை.

“அண்ணே, நடக்குற தூரம் சுத்தமா கொறஞ்சு போச்சுண்ணே,” என்றான் நடுவில் டிராலியோடு சிக்கிக்கொண்டிருந்த ஒரு நெட்டையன். “நிக்கவே எடம் இல்ல, எங்க நடக்குறது?”

மேனேஜர் அம்மா சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா உடைஞ்ச சாமான் ஷெட்டுக்குப் போயிடுங்க.”

அந்த ஷெட்டில் எதற்கும் இடம் கொடுக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே குவியல். நாடிழந்த ராஜாவாக வீடு திரும்பினார்.

வீட்டிலும் அவருடைய ஆட்சிதான். டீத்தூள், சர்க்கரை, கத்தி, டிபன் டப்பா எல்லாவற்றையும் போன மாதமே அடுப்பை ஒட்டிய ஒற்றை அலமாரிக்கு மாற்றியிருந்தார். மேனேஜர் அம்மாவிடம் கெடு வாங்கி வந்த மறுநாள் காலையில் மனைவி, மகள், மாமியார் மூவரும் ஒரே நேரத்தில் கை நீட்ட, ‘ணங்’ என்று ஒரு சத்தம்.

“மாப்ள, மண்டை மூணு, அலமாரி ஒண்ணு,” என்றார் மாமியார், நெற்றியைத் தேய்த்தபடி.

“இவருக்கு ரொம்ப இடம் கொடுத்துட்டேம்மா,” என்றாள் மனைவி. “ஏங்க, அடிக்கடி எடுக்குற சாமானை எல்லாரும்தானே எடுப்பாங்க? மொத்தத்தையும் ஒரே மூலையில வச்சா இடிக்காம கொஞ்சுமா?”

அவர் டீயைக்கூடக் குடிக்காமல் கிடங்குக்கு ஓடினார். ஓடுற சரக்கைப் பிரித்து, ஒவ்வொரு சந்தின் வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிவைத்தார். சேர்ந்தே விலைபோகிற பற்பசையையும் பிரஷ்ஷையும் மட்டும் பிரிக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை, டிராலிகள் உரசாமல் போய் வந்தன. மேனேஜர் அம்மா பார்த்துவிட்டு “ம்” என்றார். அந்த ‘ம்’மைப் பதக்கமாகக் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அலமாரி கலைந்திருந்தது, டீத்தூள் ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். நியாயம்தான். ஆனால் டிவிக்கு எதிரே இருந்த அவருடைய சாய்வு நாற்காலியைக் காணோம். தேடிப் போனால் கடைசி அறையில், பழைய பெட்டிகளுக்கும் அப்பால், சுவரோரம் கிடந்தது.

“என்ன இது?”

“உங்க சட்டந்தாங்க. தூங்குற சரக்கு கடைசியில.”

தொழில்காரக் கண்ணோடு சுற்றுமுற்றும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. சாய்ந்தார், தூங்கிப்போனார்.