உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

கற்பிட்டிக் கரையில் எது பழுதானாலும் உப்புக் காற்றின் தலையில் கட்டிவிடலாம். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் நானும் அப்படித் தப்பப் பார்த்தேன்.

வெளிநாடு போன மருமகன், தன் காரை எங்கள் முற்றத்தில் விட்டுச் சென்றிருந்தார். “ஓட்டுங்க மாமா. ஆனா ஒண்டையும் திருத்திடாதீங்க” என்று கெஞ்சித்தான் சாவியைத் தந்தார். நான் விஞ்ஞானம் படிப்பித்து பென்சன் எடுத்தவன். சும்மா இருக்க முடியுமா? பொனட்டைத் திறந்தேன். பிரேக் ஒயில் குறைந்திருந்தது. கையில் கிடைத்த போத்தலில் இருந்த ஒயிலை ஊற்றி நிரப்பினேன்.

அவர் திரும்பி வந்தபோது ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தது. வீட்டுக்கு வந்த மெக்கானிக், நாலு சில்லுகளுக்கும் போகும் பிரேக் ஒயிலைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் பெட்டி போய்விட்டது என்றார்.

“உப்புக் காத்து” என்றேன் உடனே.

பெட்டியின் வெளிப்புறத்தில் துரு இருந்ததால் அவரும் நம்பிவிட்டார். “ஓம் சேர், பெட்டிய மட்டும் மாத்தினாச் சரி.”

மறுநாள் மகளும் பேரக் குழந்தையும் அதே காரில் கொழும்புக்குப் போவதாக இருந்தது. நான் மெல்ல உள்ளே போய் அந்தப் போத்தலை எடுத்து முதன்முறையாக வாசித்தேன். ஸ்டியரிங் ஒயில். பிரேக்கில் ஊற்றக் கூடாது என்றும் போட்டிருந்தது.

வெளியே மெக்கானிக்கிடம் வந்தேன். “பாஸ், ஒரு பேச்சுக்குக் கேக்குறன். யாரோ ஒருத்தன் பிரேக்குக்கு ஸ்டியரிங் ஒயில் ஊத்தினா?”

“ரப்பர் எல்லாம் ஊதிப் போகும் சேர். புதுப் பெட்டி போட்டாலும் அதையும் கெடுத்துடும். கொழும்புக்குப் போற வழியில சிலாபம் தாண்ட முந்தியே பிரேக் கைவிட்டாலும் விடும். யாரு அந்த மடையன்?”

“எனக்குத் தெரிஞ்ச ஒரு வாத்தியார்.”

“நல்லாத் தெரிஞ்ச வாத்தியார்!” என்று குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

“எதுக்கும் ரப்பரையும் மாத்துவமே பாஸ்.”

“வீண் செலவு சேர். காத்து பிரேக்குக்குள்ள போய் ரப்பரைத் தின்னாது.”

என் பொய்யே எனக்குக் குறுக்கே நின்றது. மகள் குழந்தையின் உடுப்புப் பையைக் கொண்டுவந்து காரில் வைத்தாள்.

“காத்து இல்ல. நான்தான் ஊத்தினன்” என்றேன்.

மருமகன் அந்தப் பையைக் காரிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, “காத்துக்கும் பென்சன் வருமா மாமா?” என்றார்.

பயணம் தள்ளிப்போனது. பெட்டியோடு, ஒயில் பட்ட ரப்பர், குழாய் எல்லாமே மாறின. குழாய்களுக்குள் நின்ற காற்றை எடுக்க மெக்கானிக் காரில் கணினியைப் பொருத்தி, பிரேக் பெடலை மிதிக்க என்னைத்தான் உட்கார வைத்தார். “மிதிங்க சேர். பிடிங்க. நான் சொல்லும்வரை விடாதீங்க.” மருமகன் பக்கத்தில் நின்று தேநீர் குடித்தபடி அதையே திருப்பிச் சொன்னார். கால் மரத்துப் போனது.

இப்போது வீட்டில் எது உடைந்தாலும் மனைவி முதலில் கேட்பது: “காத்தா, நீங்களா?” நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் குழந்தை ஏறிய வாகனம் புறப்படும்போதெல்லாம், வாசலில் நிற்கும் என் வலது கால் இன்னும் தானாகத் தரையை மிதிக்கிறது.