மூன்று மகன்களும் ஒரே மருந்தும்

எழுபதுகளின் நடுவில், என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, மாமனாருக்குத் தொடையில் பலம் போய்விட்டது. நாற்பது வருஷம் உப்பளத்து வரப்பில் நடந்து ஆட்களை வேலை வாங்கிய மனிதர். மகன்கள் தலையெடுத்ததும், அப்பா வெயிலில் நிற்பது தங்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்று வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். ஐந்து வருஷத்தில் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போனார். கொல்லைக் கக்கூசுக்குப் போக யாராவது தூக்கிவிட வேண்டும். மருமகளிடம் கேட்பாரா? துறைமுக ஆபீஸிலிருந்து என் கணவர் வரும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார்.

வைட்டமின் டி குறைவு என்றார் டாக்டர். வாரம் ஒரு மாத்திரை, காலை வெயில், தினமும் உட்கார்ந்து எழும் பயிற்சி என்று மூன்றும் சொன்னார். இவர்கள் காதில் மாத்திரை மட்டும் விழுந்தது.

மெட்ராஸிலிருந்து என் கணவரின் மூத்த அண்ணன், பெரியத்தான், ஃபாரின் மாத்திரை அனுப்பினார். தினம் ஒன்று கொடு, அந்த உள்ளூர் மாத்திரையைத் தூக்கிப்போடு என்று எழுதினார்; அப்படியே செய்தேன். ஆறுமுகநேரியில் கெமிக்கல் கம்பெனியில் இருந்த அடுத்த அண்ணன், சின்னத்தான், ஊசி மருந்து கொண்டுவந்து, ஞாயிறுதோறும் போட ஒரு கம்பவுண்டரையும் ஏற்பாடு செய்தார். என் கணவர் தன் பங்குக்கு மீன் எண்ணெய். அப்பாவைக் கைபிடித்து முற்றம்வரை கூட்டிப்போக மட்டும் ஒருவருக்கும் ஒழியவில்லை. அன்புக்குப் பதில் பார்சல் அனுப்புகிற ஆண்கள்.

கடிதம் எழுதுவது என் வேலை. “தாங்கள் அனுப்பிய மாத்திரையால் மாமா தெளிவாக இருக்கிறார்கள்” என்று மெட்ராஸுக்கு எழுதுவேன். ஆறுமுகநேரிக்கு அதே வரி. மாத்திரை என்ற இடத்தில் மட்டும் ஊசி என்றிருக்கும். மரியாதை என்று நினைத்துத்தான் எழுதினேன். படித்துக் குளிர்ந்து, இருவரும் இன்னும் அனுப்பினார்கள்.

மூன்று மாதத்தில் மாமாவுக்குக் குமட்டலும் அடங்காத தாகமும் வந்தன. குடிக்கக் குடிக்க அடிக்கடி போக வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் வேட்டி நனைந்துவிட்டது.

“பிள்ள தண்ணியக் கொட்டிட்டுளா” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“ஆமா மாமா, சேட்டக்காரி” என்றேன். பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளுக்கு வைட்டமின் சொட்டு எண்ணும்போது கணக்குத் தப்பியது. கொட்டிவிட்டு மறுபடி எண்ணினேன். அளவு மீறினால் கெடுதல் என்று புட்டியில் போட்டிருந்தது. மேலே, வைட்டமின் டி. மாமாவின் புட்டிகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் அதுவேதான். குழந்தைக்கு ஒரு சொட்டு கூடினால் பதறுகிற நான், அவருக்குக் கொடுத்த எதையும் படித்தே பார்க்கவில்லை.

“யாரும்மா இதெல்லாம் சேத்துக் குடுத்தது?” என்றார் டாக்டர், மறுநாள் ரத்தம் சோதித்து, நான் கொண்டுபோன புட்டிகளையும் பார்த்துவிட்டு.

“நான்தான்.”

“ரத்தத்துல கால்சியம் ஏறிக் கெடக்கு. இன்னும் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும். எல்லாத்தையும் நிறுத்து.”

நிறுத்தினேன். என் கணவரின் கவலை வேறு. “அண்ணங்கிட்ட எப்படிச் சொல்லுதது? சங்கடப்படுவாருளா.” அவரை அன்று பார்த்த மாதிரி நான் யாரையும் கேவலமாகப் பார்த்ததில்லை.

குமட்டல் நின்ற பிறகு, காலையில் முற்றத்து வெயிலில் நாற்காலியைப் போட்டு, கைப்பிடியை ஊன்றி எழச் சொன்னேன். முதல் வாரம் பாதிதான் எழுந்தார்.

“உப்பளத்து ஆளுககிட்ட நான் வாங்குன வேலைய நீ எங்கிட்ட வாங்குதியா?”

“இன்னும் ரெண்டு தடவை மாமா.”

செய்வது சரிதானா, விழுந்துவிட்டால் என்ன பதில் சொல்வேன் என்று தினமும் பயந்தேன். டாக்டர் பிறகு பழைய வார மாத்திரையை மட்டும் திரும்பத் தந்தார். தை பிறப்பதற்குள் தானே எழுந்தார்.

பொங்கலுக்குப் பெரியத்தான் வந்து பார்த்துவிட்டு, “ஃபாரின் மருந்துன்னா சும்மாவா!” என்றார்.

“ஏலே, அத நிறுத்தித்தாம்ல எந்திரிச்சேன்” என்றார் மாமா.

பெரியத்தான் என்னைப் பார்த்தார். “நீ எழுதவே இல்லையே?”

எழுதியிருந்தேன். “வீட்டில் மருந்து நிறைய இருப்பதால் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.” அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அதை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமா கைப்பிடியை ஊன்றி எழுந்து, யாரையும் கூப்பிடாமல் கொல்லைப்பக்கம் போனார்.