சாமிக்கென்று எடுத்து வைத்த கான்

1. துப்பத் தெரிந்தவள்

"குடிப்பீர்களா?" என்பதுதான் நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன். வைன் செய்கிற இடத்தில் இந்தப் பதிலுக்கு வேலை கிடைக்காது என்று நினைத்துக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்ப ஆயத்தமானேன். முதலாளி கொலின் மேசையில் தட்டிச் சிரித்தார். எனக்கு முன்பு இருந்த லாப் அசிஸ்டன்ட், டெஸ்டுக்கு எடுத்த சாம்பிளில் பாதியை டெஸ்ட் செய்யாமலே முடித்துவிடுவாராம். திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

இது எழுபதுகளில். மெல்பேர்ணுக்குத் தெற்கே மோர்னிங்டன் குடாநாட்டில் அப்போது அப்பிள் தோட்டமும் ஆடும்தான் அதிகம். திராட்சை நட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். கொலின் பல் வைத்தியர். பல் பிடுங்கி அலுத்துப்போய்த் திராட்சை நட்ட மனிதர். பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே எந்தப் பக்கம் போனாலும் கடல், எப்போதும் குளிர்காற்று. வெயில் ஊர்களில் பழம் பறித்து முடித்து ஆட்கள் ஓய்ந்திருக்கும் ஏப்ரலில்தான் எங்கள் ஷார்டனே திராட்சைக் கொடி மெல்லப் பழுத்து முடிக்கும். இனிப்பு ஏறச் சுணங்கும், புளிப்பு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் அப்படிச் சுணங்கிப் பழுத்ததில்தான் வாசம் நிற்கும்.

பழத்தைப் பிழிந்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுச் சர்க்கரை பார்த்து, அசிட் அளந்து, என்றைக்குப் பறிக்கலாம் என்று சொல்வது என் வேலை. வைனையும் ருசி பார்க்க வேண்டும். ஆனால் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இந்தத் தொழிலில் துப்புவதுதான் மரியாதை. அப்பாடா, என் விரதத்துக்கும் பங்கமில்லை, சம்பளத்துக்கும் பங்கமில்லை.

2. பழச்சாறு கொம்பனி

என் கணவர் கணேஷ் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த மனிதர். வேலைக்குப் போகச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. இது வைன் செய்கிற இடம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிய வருகிற அன்றே நான் வேலையை விட வேண்டும். அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில் கோயிலும் விரதமுமாக இருக்கிறவர். மருமகள் வெளிநாட்டில் சாராயம் காய்ச்சுகிறாள் என்று கேள்விப்பட்டால் மனிசி படுத்த படுக்கையாகிவிடும்.

ஆகவே நான் 'பழச்சாறு கொம்பனியில்' கெமிஸ்ட் ஆனேன். அது பொய்யென்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புளிக்க வைக்கிற யீஸ்ட் வேலையைத் தொடங்கும் வரைக்கும் அது பழச்சாறுதானே!

மெல்பேர்ணின் மல்கிரேவில் பொன்னம்பலம் அங்கிள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் கூட்டுப் பிரார்த்தனை. எங்கள் ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம் வரும். அங்கிள் இலங்கையில் ஏதோ வரி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று மகனோடு வந்தவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, யாழ்ப்பாணத்தில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம். அந்தக் கடிதங்களுக்குத்தான் கணேஷ் பயந்தார்.

3. முன்னறிவிப்பில்லாமல் மூன்று கார்

நான் சேர்ந்த பிறகு வந்த இரண்டாம் வின்டேஜ், பழம் பறித்துப் பிழிகிற காலம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பழம் பிழிகிற பிரெஸ் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மூன்று கார் வந்து நின்றன. முதல் காரிலிருந்து இறங்கியது வெள்ளை வேட்டி. கடல் பார்க்க வந்தவர்கள், பிள்ளையின் கொம்பனியையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம்.

ஓடிப்போய்க் கொலினிடம், இவர்கள் விரதக்காரர்கள், வைன் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று கெஞ்சினேன். மனிதர் கண்ணடித்துவிட்டுப் பீப்பாய் இருந்த ஷெட்டின் கதவைச் சாத்தினார். வந்தவர்களைப் பிரெஸ் அருகிலேயே நிறுத்தி, வழிந்துகொண்டிருந்த சாற்றைக் கப்பில் பிடித்துக் கொடுத்தார். தேன் மாதிரி இனிப்பு, பின்னால் ஒரு சிறு புளிப்பு. எல்லோரும் உருகிப் போனார்கள்.

ஆனால் அங்கிள் தன் கப்பில் வாய் வைக்கவில்லை. சாமிக்கு முதலில் எடுக்க வேண்டுமாம். ஒரு பிளாஸ்டிக் கானை இரண்டு முறை கழுவச் செய்து, எச்சில் படாமல் கழுத்து வரை நிரப்பி மூடிய பிறகுதான் குடித்தார். வெள்ளிக்கிழமை நைவேத்தியத்துக்கு என்றார். கட்டாயம் பிரிட்ஜில் வையுங்கள் என்று அங்கிளின் மனைவி அன்ரியிடம் மூன்று முறை சொன்னேன். அன்ரியும் மூன்று முறை தலையாட்டினார். ஆபத்து கழிந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். மடைச்சி!

4. வெள்ளிக்கிழமை

கதவைத் திறந்ததுமே மூக்கு சொல்லிவிட்டது. சாம்பிராணி, கற்பூரம், அதற்கடியில் எங்கள் ஷெட்டில் தினமும் நான் முகர்கிற அதே வாசம்.

அன்ரியைக் குசினிக்குள் இழுத்துப்போய்ப் பிரிட்ஜில் வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"பிரிட்ஜுக்க மீனும் இறைச்சியும் கிடக்குது பிள்ளை. அதுக்க போய்ச் சாமிச் சாமானை வைக்கிறதே? சாமியறையில ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சனான்."

மூடி இரண்டு தரம் தானாகவே எழும்பிப் போனதாம். புசுபுசு என்று சத்தமும் கேட்டதாம். பிள்ளையார் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் என்று அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாராவது ருசி பார்த்தார்களா என்று கேட்டேன். சாமிக்கு முன்னம் யார் வாய் வைப்பார்கள் என்று என்னை முறைத்தார்.

ஐந்து நாள், ஹீட்டர் சூடு, பழத்தோலில் ஒட்டி வந்த யீஸ்ட். ஹைட்ரோமீட்டர் இல்லாமலே என்னால் கணக்குப் போட முடிந்தது. பாதிச் சர்க்கரை போயிருக்கும். அது இப்போது சாறுமில்லை, முழு வைனுமில்லை. சொன்னால் என் வேலை அன்றோடு சரி. சொல்லாவிட்டால் திருநீறு பூசிய இருபது பேர் பக்தியோடு குடிக்கப் போகிறார்கள். யோசித்து முடிப்பதற்குள் தீபாராதனை முடிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் செய்தேன். சிறுபிள்ளைகளுக்கு இது கொடுக்க வேண்டாம், நெஞ்சில் சளி கட்டும் என்று உரக்கச் சொன்னேன். சளி என்ற சொல்லைக் கேட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளை மோதகத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரியவர்களைக் காப்பாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

அங்கிள் முதல் தம்ளரை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து, "நல்லாயிருக்கு, எல்லாருக்கும் குடுங்கோ" என்றார்.

பிரசாதத்தை யார் வேண்டாம் என்பார்கள்? இரண்டாம் சுற்றுக்கும் தம்ளர் நீண்டது. அன்ரியின் முழங்கால் வலி குறைந்தது. இரண்டு வருடமாகப் பேசாதிருந்த இரண்டு குடும்பத்தார் ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு இருந்து கதைத்தார்கள். வழக்கமாக மூன்று தேவாரத்தோடு நிறுத்துகிற அங்கிள் அன்றைக்கு ஒன்பது பாடினார். கணேஷ் இரண்டு தம்ளரையும் குடித்துவிட்டு, தாளம் தப்பாமல் கைதட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

ஒருவரையும் உடனே காரில் ஏறவிடாமல், சோறும் கறியும் கோப்பியும் என்று அன்ரியோடு சேர்ந்து இழுத்தடித்தேன். எங்கள் காரை நான்தான் ஓட்டினேன். புறப்படும்போது அங்கிள் ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"பிள்ளை, நான் முப்பது வருஷம் எந்த வரி இலாகாவில இருந்தனான் எண்டு தெரியுமே?"

தெரியாது என்றேன்.

"மதுவரி. கள்ளு விக்கிற தவறணை தவறணையா ஏறி இறங்கினனான். முட்டிக்க இருக்கிறது புளிக்காத கருப்பநீரோ புளிச்ச கள்ளோ எண்டு படலையில நிண்டே சொல்லுவன். அண்டைக்கு நீங்கள் சாத்தின ஷெட்டுக்க என்ன கிடந்தது எண்டும் தெரியும்."

பக்கத்தில் கணேஷ் உறங்குவதுபோல் நடித்தார்.

"அது... பழச்சாறுதான் அங்கிள்" என்றேன்.

"ஓம் ஓம், பழச்சாறுதான்," என்று காரின் கூரையில் தட்டினார். "கவனமாப் போட்டு வாங்கோ."

ஒரு மாதம் கழித்து மாமியிடமிருந்து கடிதம் வந்தது. பொன்னம்பலத்தார் எழுதியிருந்தாராம், உங்கள் மருமகள் சாமிக்குப் பழச்சாறு கொண்டுவந்து தருகிற பிள்ளை என்று. மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. கணேஷ் அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு நிபந்தனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த வேலையில் நான் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன்.

பிறகு லாபுக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்னது இதுதான். சாற்றை மூடி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எங்கே வைக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வருடம் ஏப்ரலில், பறிப்பு தொடங்கிய அன்று லாப் போன் அடித்தது. அங்கிள்தான்.

"பிள்ளை, சாமிக்கு ஒரு கான் எடுத்து வையும். இந்த முறை மூடியை இறுக்கவேண்டாம் எண்டு அன்ரிக்குச் சொல்லிப் போட்டன்."