நாகப்பனுக்கு மிஞ்சிய சொல்

என் தங்கை பார்வதத்தின் புருஷன் நாகப்பன் குடிக்காத மனுஷன். பஸ் கண்டக்டராக இருந்துகொண்டு டீயைத் தவிர எதையும் தொடாத ஆள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில், ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் வண்டியில், நாக்கு குழறி, வாய் கோணி, சில்லறையைக் கீழே கொட்டியிருக்கிறார். "காலங்காத்தாலயே ஏத்திகினு வந்துட்டான் பாரு" என்று ஜனங்கள் சிரித்தார்களாம். ஒரு புண்ணியவான் போதை தெளியட்டும் என்று மோர் வாங்கி ஊற்றினானாம். பக்கவாதம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. அந்த மோர்க்காரன் நன்றாக இருக்கட்டும். என் வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. திருமுல்லைவாயில் வீட்டு ஹாலில் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தினோம். ஒரு நாள் பார்வதம் கஞ்சி ஊட்டும்போது, "ரைட்" என்றார். வண்டியை எடுக்கச் சொல்லி ஆயுசெல்லாம் கத்திய வார்த்தை, அது மட்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள் என் தங்கை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண் ஆக்னஸ். அவள் எங்களை உட்கார வைத்துச் சொன்னாள்.

"பசிச்சாலும் ரைட்டுதான் வரும், பசிக்கலன்னாலும் ரைட்டுதான் வரும். வேற வார்த்தை அவருக்குக் கிடைக்கல. அத சரின்னு எடுத்துக்காதீங்கக்கா."

பார்வதம் தலையாட்டினாள். ஆனால் அவள் மனசு முழுக்க வேறு ஒன்றில் இருந்தது. நாகப்பன் எழுந்து நடக்க வேண்டும், தன் காலால் பாத்ரூமுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆக்னஸ் பிடித்துக்கொள்ள, ஜன்னல் கம்பியைப் பற்றி நிற்கும் அளவுக்கு அவர் தேறியும் இருந்தார். ஆரம்ப மாதங்களை வீணாக்கக் கூடாது, அப்போது விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம் என்று ஆக்னஸ் படித்துப் படித்துச் சொன்னாள்.

இந்த நேரத்தில் நெமிலிச்சேரியிலிருந்து வந்து சேர்ந்தான் நாகப்பனின் தம்பி வெங்கட். ஏற்கெனவே புறா ரத்தம் கொண்டுவந்து காலில் தேய்த்து ஹாலை நாறடித்தவன். இப்போது திருவள்ளூர் தாண்டி எண்ணெய் போட்டு உருவும் வைத்தியர் ஒருவரைக் கண்டுபிடித்திருந்தான்.

"அண்ணாத்தே, ஒரே மாசத்துல எந்திரிச்சிகினு ஓடுவே. போலாமா?"

"ரைட்" என்றார் நாகப்பன்.

"பாத்தியா அண்ணி, அவரே சொல்லிட்டாரு."

நான் வேண்டாம் என்றேன். அக்கா என்று பேர்தான், என் பேச்சை யார் கேட்டார்கள்? காரில் நானும் ஏறிக்கொண்டேன்.

பாயில் மல்லாத்தி, அந்த வைத்தியர் செத்த கையைத் தலைக்கு மேலே இழுத்தார். "ரைட்" என்றார் நாகப்பன். "நல்லா கீதாம், இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றான் வெங்கட். வைத்தியர் காலை ஊன்றி இழுத்தார். "ரைட், ரைட், ரைட்." கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பார்வதம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். "ஆளக் கொல்றீங்களா, வுடுய்யா" என்று நான் குறுக்கே விழுந்து கையைப் பிடுங்கியபோது, தோள் மூட்டு இறங்கித் தொங்கியது.

அதோடு எல்லாம் போயிற்று. தோள் வீங்கிக்கொண்டது. தூக்கி நிறுத்தினால் வலியில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆக்னஸ் படியேறும் சத்தம் கேட்டாலே சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜன்னல் கம்பியை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. வெங்கட் போனையே எடுப்பதில்லை. கட்டையில் போகிறவன்.

போன வாரம் ஆக்னஸ் ஒரு விசில் வாங்கி வந்தாள். உதட்டுக்குப் பயிற்சியாம். வலப்பக்கம் காற்று ஒழுகியது, அவள் விரலால் அழுத்திப் பிடித்தாள். அவர் இரண்டு முறை ஊதினார். போலாம் என்பதற்குக் கண்டக்டர்கள் ஊதுவது அது. ஆக்னஸ் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"அண்ணா, உங்க பேரு சுலைமானா?"

ஒரு விசில். நிறுத்து என்பதற்கு ஊதுவது.

"நாகப்பனா?"

இரண்டு விசில்.

பார்வதம் ஓடி வந்து கட்டிலோரம் மண்டியிட்டாள். காபி வேணுமா, ஃபேனைக் குறைக்கவா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. இத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். அப்புறம் கேட்டாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயி தோளக் காட்டிகினு வந்துரலாம். மறுபடியும் நடக்கப் பழகலாமா?"

ஒரு விசில். நீளமாக.

"உதடு நழுவிடுச்சு" என்றாள். மறுபடி கேட்டாள். மறுபடியும் ஒன்று.

ஆக்னஸ் மெதுவாகக் கேட்டாள். "வலிக்கும்னு பயமா அண்ணா?"

ஒன்று.

"இனிமே எதுவுமே வேணாமா?"

இரண்டு.

அந்த மனுஷன் வாயிலிருந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை வராதா என்று நான் வேண்டாத தெய்வமில்லை. வந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பார்வதம் அவர் பல்லிடுக்கிலிருந்து விசிலைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"இப்ப வாயத் தொறந்து சொல்லுங்க. போலாமா?"

நாகப்பனின் இடது கை மட்டும் அவள் இடுப்பை நோக்கி நீண்டது, எட்டவில்லை.

"ரைட்" என்றார். "ரைட், ரைட்."

"அவரே சொல்லிட்டாருக்கா" என்றாள் என் தங்கை, என் முகத்தைப் பார்க்காமல். ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.