புது பிளாக்கில் இல்லாத கதவு

போன வாரம் வாய்மொழித் தேர்வு நடத்த ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். தாம்பரம் தாண்டி, நான் முதன்முதலாக வேலை பார்த்த அதே இடம். கண்ணாடிக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஃபினாயில் வாசனை. உங்களுக்கு அது ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும். எனக்கு என் தோழி ஷமீமை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் சேர்ந்தபோது அங்கே இருந்தது ஒரு பழைய கட்டடம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கேன்டீன், மிச்சமெல்லாம் முள்காடு. பிறகு புது பிளாக் எழுந்தது. முதல் நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். படிக்கட்டில்கூட கிரானைட்! முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு அப்போது சிமென்ட் தரைதான். அந்த மயக்கம் மதியம் வரைதான் நீடித்தது. மாடிக்கு மாடி ஆண்களுக்குக் கழிப்பறை இருந்தது. பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை.

ஆசிரியைகளான நாங்களும் மாணவிகளும் மைதானத்தைக் கடந்து, கேன்டீனுக்குப் பின்னாலிருந்த தகரக் கதவு அறைக்குப் போக வேண்டும். மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. தண்ணீர் குடிக்காமலே பாடம் நடத்தப் பழகினேன். அதைத் தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டேன், அசடு. ஒருநாள் ஒரு மாணவி நீர்க்கடுப்பு தாங்காமல் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாள்.

ஷமீம் இயற்பியல் துறை. பல்லாவரத்தில் அவள் அப்பாவுக்குத் தோல் வியாபாரம். என் வயதுதான், என் பயம் மட்டும் அவளிடம் இல்லை. அன்றைக்கே என்னை நிர்வாக அதிகாரியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அடுத்த ஃபேஸ் கட்டும்போது பண்ணிடலாம்மா,” என்றார் அவர். அடுத்த ஃபேஸும் வந்தது. ஏசி போட்ட கருத்தரங்கக் கூடம் வந்தது. கழிப்பறை வரவில்லை.

பிறகு, பல்கலைக்கழகத்துக்குத் தரச் சான்று கொடுக்கும் ஆய்வுக்குழு வந்தது. அதிலிருந்த பெண் பேராசிரியர் எங்களிடம் மெதுவாக, “லேடீஸ் ரெஸ்ட்ரூம் எங்க?” என்று கேட்டார். அதிகாரி பாய்ந்து வந்தார்.

“டைரக்டர் ரூம்ல அட்டாச்டு இருக்கு மேடம், வாங்க.”

“அது டைரக்டருக்கு, சார்,” என்றாள் ஷமீம். “மேடம், நாங்க தினம் போற எடத்துக்கு வாங்க. கொஞ்சம் சேறா இருக்கும், பரவாயில்லையா?”

நாங்கள் இருவருமே பணி நிரந்தரமாகாதவர்கள். வேலை போனாலும் போகும். இருந்தும் குடையை விரித்து முன்னால் நடந்தேன். பேராசிரியர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

“இன்னாம்மா, பெரிய மேடத்தையும் இங்கியே இட்டாந்துட்டீங்க?” என்றார் கேன்டீன் மாஸ்டர்.

பேராசிரியர் திரும்பியதும், சேற்றுச் செருப்போடு நேராகக் கருத்தரங்கக் கூடத்துக் கம்பளத்தை மிதித்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல இதைப் பேசுவோம்,” என்றார்.

அந்தப் பருவம் முடிவதற்குள் மாடிக்கொரு பெண்கள் கழிப்பறை வந்தது, கூடவே தாழ்வாரமெல்லாம் ஃபினாயில் வாசனையும். எனக்குப் பணி நீட்டிப்பு வந்தது, ஷமீமுக்கு வரவில்லை. நான் அழுதேன், அவள் அழவில்லை.

“விடுடி. என்னை அனுப்பலாம். கட்டினதை இடிச்சுடுவாங்களா? இடிச்சுப் பாக்கட்டும்!”

வேறொரு கல்லூரிக்குப் போனாள். இப்போது அங்கே துறைத்தலைவி.

முள்காடு போய்விட்டது. கேன்டீன் போய்விட்டது. கிரானைட் படிக்கட்டோடு அந்த பிளாக்கையே தரைமட்டமாக்கி, மேலே இந்தக் கண்ணாடி மாளிகையை எழுப்பியிருக்கிறார்கள். என்னை அழைத்துச் சென்ற இளம் விரிவுரையாளர், “இங்க முன்னாடி ஒண்ணுமே இல்ல மேடம், வெறும் கிரவுண்டுதான்,” என்றாள்.

“யாரும்மா சொன்னது?” என்றேன்.

தேர்வு அறையில் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று அவளை அங்கேயே நிறுத்தி, ஷமீமின் பெயரிலிருந்து தொடங்கினேன்.